கீபோர்டு சேராத காலைகள்

பிராணிகளுக்கான அந்த மருத்துவமனையில் காலையில் முதலில் குரல் கொடுப்பது நாயோ கிளியோ அல்ல, வரவேற்பு மேசையில் இருக்கிறவள்தான். "சார், இன்னிக்கும் சேரல" என்று அவள் போனில் சொன்னால் போதும், மாடியில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர் தலையை வாரிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவார்.

சேராதது ஒயர் இல்லாத கீபோர்டு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் கீபோர்டை யாரென்றே தெரியாததுபோல் முழிக்கும். கீபோர்டு சேராமல் பாஸ்வேர்டு அடிக்க முடியாது. பாஸ்வேர்டு அடிக்காமல் கீபோர்டைச் சேர்க்க முடியாது. ஆகவே அவர் பையில் ஒரு ஒயர் கீபோர்டோடு வந்து, அதைச் செருகி உள்ளே நுழைந்து, மற்றதைச் சேர்த்துவிட்டுப் போவார். நடுவில் ஒரு டீ. டீ ஆறி, அதன் பிறகும் பேச்சு.

உண்மையைச் சொல்லிவிடுவோம். 'இந்தக் கீபோர்டை நம்பு' என்று ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் திறக்கும்போதே அது தானாக வந்து சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்தேதான் அந்த வரியை விட்டுவைத்திருந்தார். கொடுத்துவிட்டால் மறுநாள் இறங்கி வர என்ன சாக்கு? நாற்பதை நெருங்கும் கட்டைப் பிரம்மச்சாரி, பார்த்தால் பரம சாது, செய்துகொண்டிருந்த காரியம் இது. அவளும் தனிக்கட்டைதான் என்பதை டீ குடிக்கும்போது தெரிந்துகொண்டிருந்தார்.

அன்று காலை டாக்டரம்மா ஒரு பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு கீபோர்டுக்கு இவ்வளவு பாடா? நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லியிருக்கேன். நீங்க இனிமே சிரமப்படாதீங்க."

கம்ப்யூட்டர்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறினார். வருகிற ஆள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஒன்று ஏமாற்றுக்காரன் என்பாள், இல்லை முட்டாள் என்பாள். முட்டாள் என்றால்கூடத் தேவலை.

மதியம் அவள் சாப்பிட எழுந்து போயிருப்பாள் என்று நம்பி, சத்தமில்லாமல் படியிறங்கினார். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு நழுவிவிடலாம் என்று திட்டம். அவளோ மேசையிலேயே சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார், இந்த நேரத்துல?"

"சும்மா... ஒயர் கீபோர்டை இங்க விட்டுட்டேனோன்னு..." என்று மென்று விழுங்கினார். அது அவர் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. உடனே வந்தும்விட்டது. உள்ளே நாய்கள் ஒரு பாட்டம் குரைத்து ஓய்ந்தன. அவள் ஒரு கையால் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டதும், சாப்பிட்ட வாயோடு, பழக்கதோஷத்தில், ஒயர் இல்லாத கீபோர்டில் படபடவென்று தட்டினாள். திரையில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

அவர் திரையைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மேடம், அது எப்படி தானா சேர்ந்துச்சு?"

அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகு பூசி மெழுக என்ன இருக்கிறது?

"நீங்க அடிக்கிறதைத்தான் தினமும் பார்க்கிறேனே. ஒரு நாள் நீங்க போனப்புறம் நானே தேடிப் படிச்சேன். ஒரே ஒரு வரி, போட்டதும் சேர்ந்துடுச்சு."

"அப்ப காலைல மட்டும் ஏன்..."

"சாயங்காலம் பூட்டும்போது அந்த வரியை எடுத்துடுவேன். காலைல நீங்க வந்துட்டுப் போனதும் திரும்பப் போட்டுடுவேன்."

கம்ப்யூட்டர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கி வந்த சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறியது. உள்ளேயிருந்த கிளி ஒன்று அதே மாதிரி இருமிக் காட்டியது.

"நானும் அதை வேணும்னுதான் போடாம விட்டேன்."

"தெரியும் சார். மாடியில போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இது தெரியாதுன்னு நம்ப நான் என்ன லூசா?"

சத்தம் கேட்டு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு டாக்டர். இனிமே தானாவே சேரும்," என்றாள் அவள்.

"நல்லதாப் போச்சு. அப்ப அந்த ஆளையும் வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்களும் இனி காலைல வர வேண்டியதில்ல."

"இல்ல டாக்டர், நான் வருவேன்," என்றார் அவர், தன் வாய்தானா பேசுகிறது என்ற ஆச்சரியத்தோடு.

"எதுக்கு?"

மனிதர் கையிலிருந்த ஒயர் கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னைப் பார்க்க, டாக்டர்," என்று அவருக்கும் சேர்த்து அவளே சொல்லிவிட்டாள்.