வெள்ளானூர் வீடு பதினோரு அடி ஏறிய விவரம்

வெள்ளானூர் ஏரிக்கரைத் தெருவில் ரேகாவும் கஜபதியும் குடியிருந்த வாடகை வீடு, 2021 ஐப்பசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் தரையை விட்டு நான்கு விரற்கடை எழும்பி, அங்கேயே நின்றது. ரேகா தன் முந்நூறாவது விமானப்படைப் புத்தகத்தை அலமாரியில் செருகிய நேரம் அது. அடுப்பில் பால் தளும்பியதைத் தவிர வேறு சேதம் இல்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு நாகம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, ஊட்ட எடுத்துகினு எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் ரேகா, "எங்கயும் இல்லக்கா, சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் படியிலிருந்து ஒரு சின்னக் குதி குதித்து இறங்கிப் போனாள்.

அவள் முத்தாபுதுப்பேட்டையில், விமானப்படைத் தளத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வளர்ந்தவள். பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. யார் யார்மேல் குண்டு போட்டார்கள் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. இரண்டு அடுக்கு இறக்கையும் கம்பிக்கட்டுமாக இருந்த பழைய விமானங்கள் முதல், எழுபத்தொன்றாம் ஆண்டு யுத்தத்தில் பறந்த சிட்டுக்குருவி போன்ற குட்டி ஜெட்டுகள் வரை, தோலை உரித்து உள்ளெலும்பைக் காட்டும் வண்ணப்படங்களே அவளுக்கு வேண்டியிருந்தன. கஜபதியோ பாடி ஊர்க்காரன், ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர். அவன் சேர்த்ததெல்லாம் டாங்கிப் புத்தகங்கள். பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பழைய புத்தகக் கடையில், டாங்கியைச் சுமந்து பறக்கும் விமானத்தின் படம் போட்ட அட்டையை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். அதை ஆளுக்கு ஒரு வாரம் என்று எட்டு மாதம் மாற்றிக்கொண்டு, ஒன்பதாம் மாதம் அலைச்சல் தாங்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கஜபதிக்கு உயரம் ஆகாது. மேம்பாலத்தில் பஸ் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வான். நான்கு விரற்கடையிலேயே அவனுக்கு வியர்த்தது. "மேல போனா எனக்குத் தல சுத்தும்னு தெரியுமில்ல?" என்று கேட்டவன், ஞாயிற்றுக்கிழமையே போய் ஒன்பது டாங்கிப் புத்தகங்களை வாங்கிவந்து வடக்குச் சுவரோரம் அடுக்கினான். வீடு முனகிக்கொண்டே கீழே உட்கார்ந்தது. மறுமாதம் ரேகாவுக்குக் குண்டுவீச்சு விமானங்கள் பற்றி ஐந்து பாகம் கிடைத்தது. வீடு ஒரு முழம் எழும்பியது. அவன் ரஷ்ய டாங்கிகளைக் கொண்டுவந்தான். இப்படி இரண்டு வருடம் ஏறியும் இறங்கியும் போயின. நாகம்மா வீட்டில் அவர்கள் வாசற்படியின் உயரத்தை வைத்துத்தான் ரேகாவுக்குத் தபாலில் புத்தகம் வந்ததா இல்லையா என்று சொன்னார்கள். மின்வாரிய ஊழியர் கம்பத்திலிருந்து வரும் ஒயரை நீளமாகத் தொங்கவிட்டுப் போனார். வீட்டுக்காரர் ஜானகிராமன் ரசமட்டம் வைத்துப் பார்த்து, எப்படி ஏறினாலும் சாயாமல் ஏறுவதால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்ததில்லை. அவன் இறக்கினால் அவள் சிரிப்பாள், அவள் ஏற்றினால் அவன் கட்டில்காலைக் கட்டிக்கொள்வான்.

2023 கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு, திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஏரி வழிந்து தெருவுக்குள் இறங்கியது. அன்று தரையில் உட்கார்ந்திருந்தாலும் இவர்கள் வீடுதான் தெருவில் மேட்டுப்பாங்கானது என்பதால் நாகம்மா குடும்பம் உட்படப் பத்தொன்பது பேர் இரண்டு ஆடுகளோடு அங்கே வந்து ஏறினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அரை மணியில் முழங்கால். குழந்தைகளை அலமாரி மேல் ஏற்றினார்கள். மேலே ஓட்டுக்கூரை, மாடி கிடையாது. ரேகாவின் புத்தகங்கள் வீட்டை இழுத்துப் பார்த்தன, சுவர்கள் நடுங்கின, டாங்கிகள் விடவில்லை. ரேகா கஜபதியைப் பார்த்தாள்.

அவள் கேட்காமலிருந்தது அவனுக்குத் தாங்கவில்லை. "நீ ஒண்ணும் சொல்லாத, நானே போடுறேன்" என்று முதல் புத்தகத்தை ஜன்னல் வழியாக வெள்ளத்தில் எறிந்தான். அது மிதக்கவில்லை, இரும்பு போல மூழ்கியது. முப்பது போட்டதும் வீடு ஓர் அங்குலம் அசைந்தது. பிறகு எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுக்க, ஒவ்வொன்றின் அட்டையையும் ஒருமுறை துடைத்துவிட்டு அவனே போட்டான். நானூற்றுப் பன்னிரண்டு போயின. கடைசியாகக் கையில் நின்றது, விஜயந்தா டாங்கியை ஆணி ஆணியாகப் பிரித்துக் காட்டும் புத்தகம். அந்த டாங்கிகளில் அவனுடைய அப்பா வெல்டிங் வைத்திருக்கிறார். கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது, விரல்கள் திறக்கவில்லை.

ரேகா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அது இருக்கட்டுங்க. அதோட சேந்தே ஏறும்."

ஏறியது. கூடத்துத் தண்ணீர் வாசல் வழியாக அருவி மாதிரிக் கொட்ட, பத்தொன்பது பேரும் ஆடுகளும் கூச்சலிட, வீடு பதினோரு அடி உயரத்தில் போய் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. ஏரியும் முழுகிக் கிடந்த தெருக்களும் தெரிந்தன. கஜபதி விஜயந்தாவை மார்போடு அணைத்து, கண்ணை இறுக மூடித் தரையில் உட்கார்ந்திருந்தான். "தொறந்து பாரு நைனா, ஒண்ணும் ஆவாது" என்றாள் நாகம்மா. ஒரு கண்ணைத் திறந்தான்; அப்புறம் மற்றதையும். "ஆமா, தல சுத்துது" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவனால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு நாகம்மாவுக்குத் தொற்றி, அங்கிருந்து வீடு முழுக்கப் பரவியது. ஆட்டுக்குப் புரையேறியது.

மூன்றாம் நாள் ஏணி வைத்து எல்லோரும் இறங்கினார்கள். மூழ்கிய புத்தகங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சேற்றில் டாங்கிகளின் சங்கிலிச் சக்கரத் தடங்கள் மட்டும் தெருவைத் தாண்டி, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் வரை ஆழமாக உழுதுகொண்டு போயிருந்தன. ஊராட்சியில் அந்தத் தடத்துக்கு இருபுறமும் சிமெண்டு பூசி மழைநீர்க் கால்வாய் ஆக்கிவிட்டார்கள். வீடு இறங்கவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த ஜானகிராமன், கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு தரைத்தளம் கட்டி, ஒரு நர்சு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். புது மொட்டைமாடிக்கும் மேல்வீட்டின் அடிப்பாகத்துக்கும் நடுவே மூன்றடி இடைவெளி இருக்கிறது. எந்த மழையிலும் துணி அங்கே நனையாமல் காய்வதால், பக்கத்துத் தெருக்காரர்களும் கொண்டுவந்து போடுகிறார்கள்.