மூட்டிய கில்ட்

டங்கன் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய பெட்டி, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் டெக்சாஸில் கமாலின் ஃபிரிஸ்கோ வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. டங்கன் கமாலுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். இருவரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பெட்டிக்குள் ஒரு கில்ட் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் விசேஷத்துக்கு இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கம்பளித் துணி. பாவாடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அரக்கும் பச்சையுமாகக் கட்டம் போட்டு, பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக, தூக்கினால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் கனத்தது. கூடவே இடுப்பில் தொங்கவிட ஒரு தோல் பை, காலுறையில் செருகிக்கொள்ள விரல் நீளத்துக்கு ஒரு கத்தி, இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம்.

கில்ட் தன் தம்பி யூவனுடையது என்று டங்கன் எழுதியிருந்தார். மகள் கேட்லின் கல்யாணத்தில் யூவன்தான் தன் பக்கத்தில் நிற்க வேண்டியவன், இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டான், அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் நின்றால் தனக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். முடிந்தால் கட்டிக்கொண்டே விமானத்தில் வாருங்கள், ஏர்போர்ட்டில் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும் என்று வேடிக்கையாக ஒரு வரி.

கமால் கடிதத்தை மூன்று முறை படித்தார். அதற்குக் காரணம் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் மகன் ஆதிஃப் கூப்பிட்டு, கேட்லினைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, "இனிமே இந்த வீட்டுக்கு போன் பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வீட்டில் லேண்ட்லைனே கிடையாது. ஆனாலும் பையன் சொன்ன சொல்லை மதித்து, உம்மாவின் செல்லுக்கு மட்டும் பேசினான். ஒரே வாரத்தில் கமாலுக்குக் கோபம் ஆறிவிட்டது. வாய்தான் திறக்க வரவில்லை. முப்பது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். தன் தப்பை யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. மனைவி ரசியா பேகம் மகனிடம் பேசும்போதெல்லாம் கமால் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருப்பார். அந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டில் மடிக்காத துணி என்று எதுவும் கிடையாது.

கில்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. இதைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, பையன் புரிந்துகொள்வான். இவ்வளவு சுலபமான மன்னிப்பு வேறு எந்தத் தகப்பனுக்கும் பார்சலில் வந்திருக்காது.

கடிதத்தின் இரண்டாம் பக்கம் கில்டை எப்படி எடுத்துவருவது என்பது பற்றி. மடித்து வைக்கக் கூடாது, மடிப்பு கலைந்துவிடும்; நீளவாக்கில் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, பழைய நைலான் காலுறை ஒன்றுக்குள் நுழைத்துவிட வேண்டும். கத்தி செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும், மறந்தும் கைப்பையில் வைக்க வேண்டாம். கமாலுக்கு இப்படி எழுதுகிறவர்களைப் பிடிக்கும். நைலான் காலுறைக்குப் பதில் ரசியாவின் பழைய சுடிதார் பேண்ட்டில் ஒரு காலை வெட்டி, அதற்குள் நுழைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

எடைதான் ஒத்துவரவில்லை. பெட்டிக்கு ஐம்பது பவுண்டு கணக்கு. மருமகளுக்கு எடுத்த பட்டு, அவள் அம்மாவுக்கு எடுத்த பட்டு, நிக்காஹுக்கு ஆதிஃபின் ஷேர்வானி என்று நாற்பத்தொன்பதே முக்காலில் நின்றது. கேபின் பையில் ரவையில் செய்த தம்ரூட் இனிப்பு.

"தம்ரூட்ட கொஞ்சம் கொறச்சுக்கலாமே" என்றார் கமால்.

"நாலு டின் பிள்ளைக்கு, ரெண்டு டின் சம்பந்திக்கு. இதுல எதக் கொறைக்க?" என்றாள் ரசியா பேகம். "இந்தியா போறப்ப ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் மேல போட்டுட்டுத்தான போவோம்? அதே மாதிரி இதையும் கட்டிட்டு வாங்க. அவரே அப்படித்தான எழுதியிருக்காரு."

நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை ஆபீஸிலிருந்து திரும்பும்போது, தையல் மெஷின் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்லி ரசியாவிடமிருந்து போன் வந்தது. வீட்டில் இருந்த மூன்று ஊசியும் உடைந்துவிட்டதாம். எதைத் தைத்து உடைந்தது என்று கமால் கேட்கவில்லை. டெஸ்டிங்கில் கேள்வி கேட்டே பிழைத்தவர் வீட்டில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை கில்டைக் கட்டிக்கொண்டார். உள்ளே முழங்கால் மறைய ஒரு கறுப்பு ஷார்ட்ஸ். கில்டுக்குள் காலை விட்டு, மேலே இழுத்து, பக்கிளை மாட்டினார். ஐம்பது வருடமாகக் கைலி கட்டிய உடம்புக்கு இதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். மோசமில்லை.

டாலஸ் ஏர்போர்ட் செக்யூரிட்டியில் மெஷின் அவர் இடுப்பைப் பார்த்துக் கூவியது. பெரிய மீசை வைத்த அதிகாரி ஒருவர், பக்கிள்தான் காரணம், ஆனாலும் பார்த்தாக வேண்டும் என்று மரியாதையாகத் தனியறைக்குக் கூட்டிப்போனார். முன்பக்க மடிப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொன்னார். கமால் பக்கிளைக் கழற்றிவிட்டு விலக்கினார். விலகவில்லை. இன்னொரு முறை இழுத்தார். துணி அசையவில்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். "சார், என் மகன் கில்ட் கட்டிக்கொண்டு பேக்பைப் வாசிக்கிறவன். இந்த லைனில் நிறைய கில்ட் பார்த்திருக்கிறேன். தைத்து மூடின கில்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. கமால் கைலியைக் கழற்றுவதுபோல் கில்டைக் காலிலிருந்து உருவி, ஷார்ட்ஸோடு நின்று, வலது ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பக்கிளுக்குக் கீழே தொடங்கி விளிம்பு வரை ஒரே நேராக, கம்பளியோடு ஒட்டிப்போகும் அரக்கு நூலில், தையல் ஓடியிருந்தது. அதிகாரி அதையும் தடவிப் பார்த்து, போகலாம் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே ரசியா பேகம் தம்ரூட் டின்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசியா, இத மூட்டினியா நீ?"

"ஆமா. மூட்டாமயே அனுப்பிட்டாங்க."

"இது கைலி இல்ல!"

"கட்டம் போட்டிருக்கு, இடுப்புல கட்டுறோம். வேற என்னவாம்? மூட்டாத கைலிய கட்டிட்டு எந்த மனுஷன் பிளேன்ல ஏறுவான்? காத்தடிச்சா என்ன ஆகும்? உங்க மானத்துக்குத்தான பண்ணேன். ஊசி மூணு போச்சு அதுல."

கமாலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. புதுக் கைலி வாங்கினால் அன்றைக்கே இரு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து மூட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். முப்பத்திரண்டு வருடமாக அவருக்கும் பிள்ளைக்கும் ஒவ்வொன்றாக அவள்தான் மூட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் அவர் வேண்டாம் என்றதில்லை.

ஆனால் இது செத்துப்போன ஒருவருடைய துணி. நம்பிக் கொடுத்தது. அண்ணன்காரர் நேரில் வந்து நிற்கப்போகிறார். பையனும் பக்கத்தில் நிற்பான். இந்த வாப்பா பேசினாலும் கெடுப்பார், பேசாமல் இருந்தாலும் கெடுப்பார் என்று நினைப்பான். இறங்குவதற்குள் பிரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். மூன்றரை மணி நேரம் இருந்தது. பிரிக்கக் கத்தி வேண்டும். கத்தி, கடிதத்தில் சொன்னபடியே, செக்-இன் பெட்டியில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. ரசியாவின் கத்தரிக்கோலும் அதே பெட்டியில்தான்.

அவள் கைப்பையில் ஒரு நகவெட்டி இருந்தது.

ஜன்னலோர இருக்கையில் உடம்பைத் திருகி உட்கார்ந்து, கமால் தன் வலது தொடையோரம் ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டு வந்தார். கழற்றி மடியில் வைத்துப் பிரிக்கலாமே என்று ரசியா சொன்னாள். ஷார்ட்ஸோடு விமானத்தில் உட்காருவது தன்னால் ஆகாது என்றார். அரக்கு நூல் அரக்குத் துணியில் கண்ணுக்கே தெரியவில்லை. ஜூஸ் கொடுக்க வந்த பணிப்பெண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டாள். சரியாக இருப்பதாக இரண்டு முறையும் சொன்னார். விமானம் இறங்கத் தொடங்கியபோது நாலு விரல் நீளம் பிரிந்திருந்தது. மீதி முக்கால் முழம் அப்படியே நின்றது.

"பையை அந்தப் பக்கமா புடிச்சுக்கங்க, தெரியாது" என்றாள் ரசியா.

அவர் கேபின் பையை வலது பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். நூவர்க் ஏர்போர்ட்டில் பெட்டி வரும் இடத்தில் டங்கனைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அவரும் அதே அரக்கு, அதே பச்சையில் கில்ட் கட்டிக்கொண்டு தூண் போல நின்றிருந்தார். பக்கத்தில் ஆதிஃப். தாடி வைத்திருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான். வாப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று கமாலால் படிக்க முடியவில்லை.

டங்கன் வந்து கட்டிப்பிடித்தார். தள்ளி நின்று கில்டையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "யூவனே வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

அதைக் கேட்டதும் கமாலுக்குத் தையலைப் பையால் மறைத்து நிற்கப் பொறுக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டார். வலது ஓரத்தைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னார்: "என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் தம்பியின் துணியை நாங்கள் தைத்து மூடிவிட்டோம். தப்பு என்னுடையது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது."

ரசியா பேகம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தப்பு என்னுடையது என்று அவர் சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை.

டங்கன் குனிந்து தையலை விரலால் தடவினார். "யூவன் கல்யாணத்துக்குக் கல்யாணம் கில்ட் பறக்க ஆடுவான். எங்கள் அம்மா முப்பது வருடமாக, யாராவது அந்த ஓரத்தைத் தைத்துத் தொலையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்கள் மனைவி நல்ல தையல்காரி."

ஆதிஃப் இன்னும் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, யூ செட் சாரி" என்றான். பிறகு தமிழில், "நீங்க சாரி சொல்லி நான் கேட்டதே இல்ல."

கமால் தரையைப் பார்த்தார். பெல்ட்டில் யாருடையதோ ஒரு நீலப் பெட்டி சுற்றி வந்தது. அது போய் மறையும்வரை காத்திருந்தார்.

"உனக்கும்தான்" என்றார்.

ஆதிஃப் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே வாப்பாவின் காலடியில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். நாலு விரல் பிரிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, தொங்கிய நூலை நகத்தால் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். கமால் அவன் தலையில் கை வைத்தார். எடுக்கத் தோன்றவில்லை.

"மெதுவா பிரிடா" என்றாள் ரசியா பேகம், தம்ரூட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ரெட்டைத் தையல் போட்டிருக்கேன்."