நான்காம் வகுப்பு அணை

தலாஸ் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மேலே ஒரு மண் அணை இருக்கிறது. அதன் காவலர் துர்தாகுன். அணையில் ஒரு புல் தலைதூக்கினாலும் பிடுங்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

வசந்தத்தில் தலைநகரிலிருந்து சிம்பாத் என்ற பொறியாளர் பெண் வந்தாள். நான்காம் வகுப்பிலிருந்த அணை இரண்டாம் வகுப்புக்குப் போகிறது என்றாள். துர்தாகுனுக்குத் தலைகால் புரியவில்லை. பதவி உயர்வு என்று நினைத்து, ஆட்டை அறுத்து எங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

விருந்தில்தான் சிம்பாத் தயங்கித் தயங்கி விளக்கினாள். அணை உடைந்தால் கீழே எவ்வளவு சேதமாகும் என்று பார்த்துத்தான் வகுப்பு பிரிக்கிறார்களாம். ஊர் தண்ணீர் வரும் வழியில் இல்லாமல் ஒதுங்கியிருக்கிறது; முன்பு கீழே வெறும் மேய்ச்சல் நிலம். இப்போது அங்கிருந்த பழைய கம்பளிக் கிடங்கில் மழலையர் பள்ளி நடக்கிறது.

துர்தாகுன் கையிலிருந்த கறியை வைத்துவிட்டார்.

"என் அணை உடையும்ங்கிறியா?"

"உங்க அணை நல்லாத்தான் இருக்குண்ணே. கீழ புள்ளைங்க இருக்காங்க. அதத்தான் சொல்றேன்."

இரண்டாம் வகுப்பென்றால் உபரிநீர்க் கால்வாயை அகலப்படுத்த வேண்டும். அதுவரை அணையில் பாதித் தண்ணீர்தான் தேக்கலாம். பீன்ஸ் வயல் என்னாவது என்று ஊரே சத்தம் போட்டது. துர்தாகுன் எழுந்து அணைக்குப் போய்விட்டார்.

மழலையர் பள்ளியை நடத்துவது அவர் மனைவி நுர்சாத். மறுநாள் காலை அவள் அணைமேல் ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அணையத் தூக்கிட்டுப் போக முடியாது. எங்களத் தூக்கிட்டுப் போகலாம்ல?"

"எங்க?"

"மேட்டுக்கு. அந்தக் கிடங்குல ஈரம். புள்ளைங்களுக்கு இருமலா இருக்குன்னு எத்தன தடவ சொன்னேன், காதுலயே வாங்கலியே."

அவர் கீழே இருந்த கிடங்கை எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து, கோடை மேய்ச்சலுக்குப் போகும்போது போடும் தன் கூடாரத்தை முதல் ஆளாக வண்டியில் ஏற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். அந்த வாரமே மேட்டில் வெள்ளைக் கூடாரங்களில் பள்ளி தொடங்கிவிட்டது. பனிக்காலத்துக்குள் அதன் பக்கத்திலேயே செங்கல் கட்டடமும் எழுந்தது.

சிம்பாத் மறுபடி வந்து பார்த்தாள். கீழே இப்போது ஆளில்லை என்பதால் அணை நான்காம் வகுப்பிலேயே நிலைத்தது. அந்த ஆண்டு பீன்ஸ் நன்றாகக் காய்த்தது.

துர்தாகுன் இப்போது மதியச் சாப்பாட்டுக்கு மேடேறிப் பள்ளிக்கே போகிறார். வழி நெடுகப் புலம்பிக்கொண்டுதான் ஏறுவார். போனதும் பிள்ளைகள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்பார்.