நாற்பத்திரண்டு சாதனையாளர்கள்

ஷீல்டு கடையில் பித்தளைத் தகடுகளில் எழுத்து பொறிப்பவள் அவள். பேருந்துப் பணிமனை மேலாளர் நீட்டிய தாளைப் படித்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆண்டு விழாவுக்கு நாற்பத்திரண்டு ஷீல்டு. எல்லாப் பெயருக்கும் கீழே ஒரே வரி: ‘ஈடு இணையற்ற சாதனையாளர்’. முதல் பெயர் மேலாளருடையது. கடைசிப் பெயர் அவளுடைய மாமனாருடையது. அந்த வாரம் ஓய்வுபெறப் போகும் ஓட்டுநர்.

“ஈடு இணை இல்லைன்னா, மிஞ்ச ஆளே இல்லைன்னு அர்த்தம் சார். ஒரே டிப்போவுல நாப்பத்திரெண்டு பேரா?”

“வார்த்தைதானேம்மா. அதுக்கென்ன வரியா போடறாங்க?”

“சரி, நீங்க என்ன சாதிச்சீங்க? அதையும் சேர்த்து அடிச்சிடறேன்.”

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். “இந்த வருஷம் ஒருநாள்கூட லீவு போடலை.”

வருவார், மேசையில் தலை சாய்ப்பார், மூன்று மணிக்கு விழித்து வீட்டுக்குப் போவார். மாமனார் சொல்லி வீடே சிரித்த கதை. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். மேலாளர் மௌனம் சாதித்தார். அதையாவது பொறிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோப்புகளைத் தொலைப்பதில் கைதேர்ந்த எழுத்தர், பிரேக்கைத் தவிர மற்றதையெல்லாம் சரிபார்க்கும் மெக்கானிக் என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அதே வரியை அடித்தாள். முப்பதாவது தகட்டில் ‘சாதனையாளர்’ என்ற சொல்லே சக்கையாகிவிட்டது.

விழா முடிந்து மாமனார் ஷீல்டோடு வந்ததும் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். “மாமா, இந்தக் குப்பைத் தகட்டைப் பிடுங்கிடறேன். ‘முப்பத்தொரு வருடம், ஒரு விபத்தும் இல்லை’ன்னு போடறேன். சாதனைன்னா அதுதான்.”

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“அப்படிப் போடாதேம்மா.”

“ஏன் மாமா?”

“ரெண்டாவது வருஷம் ஒரு சைக்கிள்காரரைத் தட்டிட்டேன். அவருக்கு முழங்கை உடைஞ்சுது. அவர் புகார் கொடுக்கலை, அதனால விஷயம் வெளியே வரலை.”

மாமியார் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே நீங்க!”

“எங்க திறக்க விட்டீங்க? நீங்க ரெண்டு பேரும்தான் விபத்தே பண்ணாதவர்னு தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க.”

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் பெருமையை அளந்தது யார்? அவள்தான்.

“அப்போ என்னதான் போடட்டும்?”

“ஓட்டுநர்னு போடு. அது பொய்யில்லை.”

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகப் புதுத் தகடு வெட்டினாள். பெயர், அடியில் ‘ஓட்டுநர்’. அடித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.