இடுப்பில் ஒரு அதிர்வு

பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் சின்னசாமிக்கு வேலை. சில வருடங்களாக அவருக்குக் காது கேட்பதில்லை. விஷவாயு கசிந்தால் இடுப்பில் மாட்டியிருக்கும் கருவி அலறும், அவருக்குத் தெரியாது. அதனால் அங்கேயே வேலை செய்யும் மனைவி விஜயகுமாரி, அவர் தொட்டியருகே போகும்போதெல்லாம் கூடவே நிற்பாள்.

கருவியைச் செய்தது ஆம்பூரில் தவ்ஃபீக்கின் சிறு நிறுவனம். அங்கே இன்ஜினியரான இரம் கருவிகளைச் சரிபார்க்கப் போனபோது விஜயகுமாரி கேட்டாள்.

"கத்துறதோட, போன் மாதிரி ஆடவும் வைக்க முடியாதாம்மா? நான் ஒரு நாள் படுத்துட்டா இவருக்கு யாரு?"

சின்ன மோட்டார் வைப்பது சுலபம். கருவியை இயக்கும் நிரலைத் திருத்துவதுதான் சிக்கல். நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடையது. அதன் லைசென்ஸ் இருந்த பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. வேறொன்றுக்கு மாற்றித் தரக் கேட்டால், அந்தக் கம்பைலரையே நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது.

"ஓப்பன் சோர்ஸ்ல, யார் வேணாலும் எடுத்துக்கற மாதிரி ஒரு கம்பைலர் இருக்கு பாய். அதை யாரும் பூட்ட முடியாது," என்றாள் இரம்.

"வேணாம் இரம். பழசு ஒரு தடவகூட நம்மள கைவிடல. இது உயிர் விஷயம். தப்பானா யாரைப் போய் கேக்கறது?"

"இப்ப மட்டும் யாரைக் கேக்க முடிஞ்சுது பாய்?"

தவ்ஃபீக் ஒரு கருவியை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

இரம் புது கம்பைலரை வைத்து முயன்றாள். மோட்டார் ஒருமுறை துடித்து நின்றது. மறுபடியும் அதேதான். சோர்ந்து உட்கார்ந்தவளின் பக்கத்தில் தவ்ஃபீக் நாற்காலியை இழுத்துப் போட்டார். நிரல் அவர் எழுதியது.

"நிரல்ல இந்த இடத்தையே புது கம்பைலர் நீக்கிட்டுது, பாருங்க," என்று காட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். "அலறல் நீடிக்கணும்னு, நேரம் கடத்தறதுக்காக கருவியை சும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணச் சொல்லி எழுதியிருந்தேன். வெட்டி வேலைன்னு தூக்கிப் போட்டுடுச்சு."

இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியைக் கருவியின் கடிகாரத்தை வைத்து மாற்றி எழுதினார்கள். பழைய கருவியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருப்தியான பிறகே தவ்ஃபீக் பேரணாம்பட்டுக்குப் புறப்படச் சம்மதித்தார்.

சின்னசாமியின் இடுப்பில் திருத்திய கருவியை மாட்டி, சோதனை வாயுவைத் தவ்ஃபீக்கே அதனருகே பிடித்தார். சின்னசாமி துள்ளினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"கூப்பிடுது குமாரி!" என்று உரக்கக் கத்தினார்.

விஜயகுமாரிக்குக் கண் கலங்கியது. அவர் இடுப்பில் கை வைத்து, அது அதிர்வதை அவளும் தொட்டுப் பார்த்தாள்.