அருளானந்தத்தின் குரலில் பேசும் மின்தூக்கி

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் அருளானந்தம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அவர் குரலில் பேசுகிறது. மகன் வேய்ன், ஜெய் தனக்கு வெறும் கூட்டாளி இல்லை, வாழ்ந்தால் அவனோடுதான் என்று சாப்பாட்டு மேசையில் சொன்ன மறுவாரம் அது தொடங்கியது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அருளானந்தம் கத்தவில்லை. மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். தொண்டை வரை வந்ததை அவர் விழுங்க விழுங்க, அது எப்படியோ மின்தூக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. வேய்ன் வேலை முடிந்து வந்து ஏறினால் "சாப்பிட்டியா?" என்று கேட்கும். மழை நாளில் "குடை எங்கடா?" என்று கடிந்துகொள்ளும். பழுது பார்க்க வந்தவர்கள் பழுது எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். சில நாள் வேய்ன் தன் மாடியில் இறங்காமல் சும்மா மேலும் கீழும் போய் வந்தான்.

அம்மா அற்புதமேரி ஜெய்க்கும் சேர்த்தே சமைத்துக் கொடுத்தனுப்பினார். மாதாவிடம், பிள்ளையை மாற்றச் சொல்லவில்லை, அவன் அப்பாவை மாற்று என்றுதான் வேண்டிக்கொண்டார். ஆனாலும் வீட்டின் மௌனம் தாங்காமல், பூன் லேயில் ஜெய் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குப் போய்விட வேய்ன் பெட்டி கட்டினான்.

அன்றைக்கென்று பெரியப்பா செபஸ்தியான் வந்தார். பையனைக் குணமாக்கும் ஜெபக்குழு ஒன்று தெரியும், வந்து கூட்டிப்போகிறேன் என்று முந்தின நாள் போனில் அவர் சொன்னபோது, அருளானந்தம் "சரிண்ணே" என்று மட்டும் சொல்லியிருந்தார். மிச்சத்தை, அவர் ஏறி வந்த மின்தூக்கி சொன்னது: "என் பிள்ளைக்கு என்ன நோவு, குணமாக்குறதுக்கு?"

முகம் கறுத்து உள்ளே வந்த செபஸ்தியான் தம்பியைக் கேட்டார். "நீயா சொன்ன?"

லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது என்று அருளானந்தம் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டியும் கையுமாக நின்ற மகனைப் பார்த்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

பிறகு வேய்ன் பக்கம் திரும்பி, "பூன் லே தூரம்லா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துருவோம், ஜெய்யையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வந்துரு" என்றார். இத்தனை நாள் சேர்த்துவைத்த பதிலெல்லாம் மறந்துபோய், "சரிப்பா" என்றான் வேய்ன். அற்புதமேரி அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினார்.

செபஸ்தியான் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷம் கேக்கோடு வந்தார், மாடிப்படி ஏறி. ஞாயிறுதோறும் எந்த பஸ் எந்த வழியாகப் போனால் சுருக்கு என்று ஜெய்யும் அருளானந்தமும் சண்டை பிடிக்கிறார்கள். இவ்வளவு பேசியும் மின்தூக்கி ஓயவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள், அதுவும் பேசியது. இப்போது அது எல்லாரையும் விசாரிக்கிறது. மேல்மாடிச் சீன அம்மா, சாப்பிட்டாச்சு என்று தமிழிலேயே பதில் சொல்கிறார். அவசரமாகப் போகிறவர்கள் பக்கத்து மின்தூக்கியில் ஏறிக்கொள்கிறார்கள்.