உம்மென்று இருந்தவள்

1998இல் ஜெனீவாவில் பல நாட்டுக் குழுக்கள் கூடி ஆற்றுநீர் உடன்படிக்கை வரைவை வரிவரியாகப் படித்தார்கள். கடைமடை உழவர்களுக்குத் தண்ணீர் உறுதி என்ற வரியை நீக்கலாமா என்று கூட்டத் தலைவர் கேட்டார். இந்தியக் குழுவிலிருந்த வலங்கைமான் ஆஷ்லின் உம்மென்று இருந்தாள். அவள் ஊர் வாய்க்கால் கூட்டத்தில் உம்மென்றிருந்தால் சம்மதமில்லை என்று பொருள். அப்பா அப்படி உட்கார்ந்தால், "என்ன அந்தோணி, மனசுல உள்ளதச் சொல்லுய்யா" என்று யாராவது பக்கத்தில் வந்து குழைவார்கள். இங்கே யாரும் வரவில்லை. தலைவரின் சுத்தியல் மேசையில் விழுந்தது; வரி போயிற்று.

"ஏங்க பேசல? இங்க வாயை மூடினா சம்மதம்" என்றாள் அதே குழுவில் உடனிருந்த சான்ட்ரா.

"எங்கூர்ல அது சண்டைங்க!"

"முழு உடன்படிக்கையும் முடியறவரை எந்த வரியும் முடிவில்லீங்க. பேசணும்னா முன்னால இருக்கிற பெயர்ப்பலகையத் தூக்குங்க, மகாராணி."

ஆஷ்லின் தூக்கினாள். பேசினாள். வரி அடைப்புக்குறிக்குள் திரும்பி வந்தது. இன்னும் வாதாட இடமிருக்கிறது என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம்.